சோற்றில் விழுந்த சாம்பல்

தொண்ணூற்றேழாம் வருஷம் புகைமூட்டம் வந்தபோது எங்கள் தோட்டத்தில் கண் சிவக்காத ஆள் ஒருவரும் இல்லை. மானேஜர் கண் சிவப்பு, மண்டோர் கண் சிவப்பு, கோயிலில் மணி அடிக்கும் பண்டாரத்தின் கண்ணும் சிவப்பு. மற்ற நாளில் ஒருவன் கண் சிவந்து காலைப் பெரட்டுக்கு வந்து நின்றால், ஆள் எண்ணும் மண்டோர் "நேத்து எத்தன போத்தல்?" என்று கேட்பார், எல்லாரும் சிரிப்பார்கள். அந்த மாதங்களில் அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கள்ளையே தொடாதவனுக்கும் குடிகாரன் கண்தான். அதனால் என் கண்ணில் என்ன நடக்கிறது என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எங்கள் தோட்டம் மலேசியாவில், மலாக்காவில், ஜாசினிலிருந்து நியாலாஸ் போகும் பக்கம், பெரிய சடக்கை, அதாவது தார் ரோட்டை, விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிகிறது, காற்று அந்தப் புகையை இங்கே தள்ளுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். முதலில் தூரத்து மரங்கள் மறைந்தன. பிறகு கோயில் கோபுரம். பிறகு எதிர் லயமே, எதிர் வீட்டு வரிசையே, அழுக்குத் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி ஆனது. சூரியனை வெறும் கண்ணால் நேராகப் பார்க்கலாம். பழுத்த செம்பனைப் பழம் ஒன்றை மேலே மாட்டி வைத்த மாதிரி இருக்கும். லாரிகள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு வரும். காயப்போட்ட துணியில் விறகடுப்பு வாசம். தங்கா பத்துவில் கடலோரம் இருந்த என் மச்சினன் ஒருநாள் வந்தவன், "கடலயே காணோம் மாமா. யாரோ சுருட்டிக்கிட்டுப் போயிட்டான்லா" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படிப் பேசி இரண்டு சம்பந்தம் கெட்டது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

நான் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவன். அதற்கு முன்னால் பால்மரம், அதாவது ரப்பர். பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது, பால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நீளக் கம்பைக் கையில் எடுத்தேன். அலுமினியக் கம்பு, அதன் நுனியில் அரிவாள். மரம் உயர உயரக் கம்பும் நீளும். எங்கள் பிளாக்கில் அப்போது மரங்கள் தென்னை உயரம். கழுத்தை நிமிர்த்தி, மட்டைகளுக்கு நடுவில் குலை என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து வெட்ட வேண்டும். கறுப்பாக இருந்தால் காய். செம்மஞ்சளாகத் திரும்பியிருந்தால் பழம். பழுத்த குலையிலிருந்து ஒன்றிரண்டு பழம் உதிர்ந்து மரத்தடியில் கிடக்கும், அதுவும் ஓர் அடையாளம். காய்க்குலையை வெட்டிப் போட்டால் மண்டோர் அதன் காம்பில் சாக்கட்டியால் பெரிய கோடு போட்டு, சடக்கோரத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்துவிடுவார். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிடலாம்.

நான் வெட்டுவேன், என் பெண்சாதி பின்னால் வந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். தோட்டத்தில் நிறையப் பேர் அப்படித்தான், புருஷனும் பெண்சாதியும் ஒரு ஜோடி.

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது அதற்கு ஏழெட்டு வருஷம் முன்பே தெரியும். கால் கட்டைவிரலில் முள் குத்திய புண் இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்தபோது டிரெஸர் ஐயா கண்டுபிடித்தார். டிரெஸர் என்றால் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களுக்கு அவர்தான் டாக்டர். யாழ்ப்பாணத்து வம்சம். பிறந்தது சிரம்பானில்தான், ஆனால் பேச்சில் அந்த ஊர் வாசம் போகவில்லை. மாத்திரை கொடுத்தார், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று. ஞாபகம் வந்த நாளில் போட்டேன். வலித்தால் மருந்தின் ஞாபகம் வரும். இந்த வியாதி வலிக்காது. டின்னில் வரும் இனிப்பான கெட்டிப் பால் ஊற்றிய கோப்பி இல்லாமல் என்னால் மரத்தடிக்குப் போக முடியாது. கோப்பியைக் குடித்துவிட்டு, சாயங்காலம் பாகற்காய்ச் சாறு குடித்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டிரெஸர் செருப்பைக் கழற்றியிருப்பார்.

புகை வந்து மூன்றாவது வாரம் இருக்கும். மரத்தடியில் நிமிர்ந்து நின்றபோது கண்ணுக்கு முன்னால் கறுப்பாக ஏதோ பறந்தது. கொசு என்று கையால் விரட்டினேன். போகவில்லை. பிறகு நூல் நூலாக, பொடிப் பொடியாக வந்தது. காகிதத்தை எரித்தால் மேலே எழும்பி மெதுவாக இறங்குமே கருகிய துணுக்கு, அதே மாதிரி. எரிகிற காட்டுச் சாம்பல் கடல் தாண்டி இங்கே வந்து விழுகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? பெரட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

"பாத்தியாலா, சாம்பலே விழுவுது."

"ஆமாண்ணே, எங்க வூட்டு மேலயும் விழுந்துச்சு" என்றான் ஒருவன்.

"நேத்து என் தலையில" என்றான் இன்னொருவன், வழுக்கைத் தலையன்.

ஒருவர் சொன்னால் மற்றவருக்கும் தெரியும். அந்தச் சமயம் அப்படி. நான் நடக்கும்போது முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே நடந்தேன், மாட்டுக்கு வால் மாதிரி. யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மருந்தகத்தில் வரிசை கோயில் திருவிழா வரிசை. டிரெஸர் ஐயா தலையைக்கூட நிமிர்த்தாமல் எல்லாருக்கும் ஒரே சின்னப் போத்தல் சொட்டு மருந்து கொடுத்தார். "கண்ணைக் கசக்காதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? அடுத்தது!" எனக்கும் ஒரு போத்தல் கிடைத்தது. ராத்திரி என் பெண்சாதி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் நனைத்துக் கண்மேல் வைத்துவிடுவாள். குளிர்ச்சியாக இருக்கும். நல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்குவேன்.

அந்த மாதம் என் வெட்டில் ஒரு காய்க்குலைகூட இல்லை. மண்டோர் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால், "இந்தப் பொகையிலயும் வெட்டுறாரே, அவரப் பாத்துக் கத்துக்குங்கடா" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எப்படி நடந்தது என்று பிற்பாடுதான் யோசித்தேன். மேலே நிறம் சரியாகத் தெரியாததால் ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்சம் தயங்கி நிற்பேன். அவள் பின்னாலிருந்து, "உதிரி கெடக்கு, வெட்டுங்க" என்பாள். வெட்டுவேன். "இதுல ஒண்ணும் இல்ல, வாங்க" என்பாள். அடுத்த மரத்துக்குப் போவேன். இரண்டு மாதம் அவள் கண்ணை வைத்துத்தான் குலை வெட்டியிருக்கிறேன். எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

தீபாவளி முடிந்து மழை பிடித்தது. நல்ல மழை. லயத்துப் பிள்ளைகள் வெளியே ஓடி நின்று நனைந்தார்கள், பெரியவர்களும் நின்றோம். இரண்டு மூன்று நாளில் கோபுரம் திரும்பி வந்தது, எதிர் லயத்துக் கதவின் பச்சை வந்தது, வானம் நீலமாக வந்தது. பெரட்டில் எல்லார் கண்ணும் வெள்ளை.

அப்படி ஒரு மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. சோற்றைப் பார்த்தால் மேலே கரி. விரலால் ஒதுக்கினேன், போகவில்லை.

"என்னா இது, சோத்துல சாம்பல் கெடக்கு?" என்றேன்.

நல்ல பெண்சாதியிடம் எது வேண்டுமானாலும் சொல்லலாம். சோற்றில் கரி கிடக்கிறது என்று மட்டும் சொல்லக்கூடாது. அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"எங்க?"

"இந்தா, இந்தா. நூலு நூலா."

"இருபத்தேழு வருசமா ஆக்கிப் போடுறேன். இன்னைக்கித்தான் கரி தெரியுதோ?" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டினாள். அந்த அக்கா இன்னொருத்தியைக் கூப்பிட்டது. மூன்று பெண்கள் என் சோற்றைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"மல்லியப்பூ மாதிரி இருக்குடி. அண்ணனுக்கு வேற சாப்பாடு வேணும் போல. அதான் கொற சொல்லுறாரு" என்றது அந்த அக்கா.

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போது வாசல் வழியாக வானத்தைப் பார்த்தேன். அவ்வளவு நீல வானம். அந்த நீலத்திலும் சாம்பல் இறங்கிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. கையை வீசினேன்.

என் பெண்சாதி சிரிப்பை நிறுத்திவிட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"எதை வெரட்டுறீங்க?"

"சாம்பல."

"மழ பேஞ்சு நாலு நாளாச்சு. எங்கங்க சாம்பல்?"

அவளே என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். அவள் முகத்தைக் காணவில்லை. பழுப்பாக ஒரு மூட்டம், அதற்குள் அவள் சேலையின் சிவப்பு மட்டும் கொஞ்சம். வலது கண்ணைப் பொத்தினாள். அவள் முகம் வந்தது, மூக்குத்தி வந்தது, கண்ணில் தண்ணீர் நிற்பதும் தெரிந்தது. புகை ஊரை விட்டுப் போய்விட்டது, என் வலது கண்ணில் மட்டும் தங்கிவிட்டது.

அன்றைக்கு அந்தச் சோற்றை நான் சாப்பிடவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இனிப்பு நீரில் இரண்டு கண்ணும் போன ஒருவர் இருந்தார். நல்ல பால்வெட்டுக்காரர். கடைசியில் அவர் பெண்சாதி சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வருவார். என் மனசில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கண் போனால் கம்பு போகும். கம்பு போனால் நான் யார்?

மறுநாள் காலையிலேயே மருந்தகத்துக்குப் போனோம். டிரெஸர் ஐயா இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார். இடது கண்ணைப் பொத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எத்தினை விரல்?"

"விரலு இருக்குதுங்கையா. எத்தனைன்னுதான் தெரியல."

"நான் தந்த குளிசையைக் காலையும் இரவும் ஒழுங்காப் போட்டனீரோ?"

எனக்கு முந்தி என் பெண்சாதி பேசினாள். கோப்பி, கெட்டிப் பால், எல்லாம் வெளியே வந்தது. பாகற்காய்க் கணக்கு அவளுக்குத் தெரியாது, அது தப்பியது. அவர் கொஞ்ச நேரம் ஏசினார். பிறகு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவர், பாதியில் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஊர்ச் சனம் முழுக்கச் சிவந்த கண்ணோட வந்து நிண்டது. உம்மட கண்ணும் அதுக்குள்ள ஒண்டு எண்டு நானும் சொட்டு மருந்தைத் தந்து அனுப்பிப் போட்டன். உம்மைத் தனியாப் பாத்திருக்க வேணும், காணும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதை நான் மறக்கமாட்டேன். பெரிய மனிதர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

ஜாசினுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலாக்காவுக்கு ஒரு பஸ். ஜாசினில் இறங்கியதும் வழக்கம்போலக் கோப்பிக் கடைப் பக்கம் கால் திரும்பியது. என் பெண்சாதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு நாளும் அவள் என் சட்டையைத் தொட்டு இழுத்ததில்லை, ஊர் நடுவில்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிர்ச் சுவரில் விளக்குப் போட்ட வெள்ளைப் பலகை, அதில் கறுப்பு எழுத்துகள். மேலே பெரிசு, கீழே போகப் போகச் சின்னது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொன்னாள். இப்போதுதான் வம்பு. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. முடி வெட்டுகிற இடத்தில் பேப்பர் படிக்கிறவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தமிழ் எழுத்து கொஞ்சம் பழகினேன். இது ஆங்கில எழுத்து. சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"தெரியலையா ஐயா?"

தலையை ஆட்டினேன்.

"சரி, அடுத்த கண்ணு. இதுலயும் தெரியலையா?"

அதற்கும் ஆட்டினேன். அவள் ஏதோ எழுதப் போனாள். முகத்தில் பாவம் என்ற பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது என்று எழுதிவிட்டால் முடிந்ததே! இடது கண்ணால் பலகையை உற்றுப் பார்த்தேன். சில எழுத்துகள் தெரிந்த எழுத்துகள்தான். எண்ணெய் ஆலைக்கு வருகிற லாரிகளின் நம்பர் பலகையில் பார்த்தவை. எந்த எழுத்து எந்த ஊர் லாரி என்று எங்களுக்கு அத்துப்படி.

"பினாங்கு!" என்று கத்தினேன். "அதுக்குப் பக்கத்துல கிளந்தான். கீழ பகாங், அப்புறம் திரங்கானு."

மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டு என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயா, நான் எழுத்தக் கேட்டேன். நீங்க லாரி எங்கருந்து வருதுன்னு சொல்லுறீங்க."

வேறு பலகை மாட்டினாள். அதில் மூன்று காலுள்ள முக்காலி மாதிரி ஒரே உருவம், கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். இடது கண்ணால் கடைசிக்கு இரண்டு வரி முன்பு வரை காட்டினேன். வலது கண்ணில் முதல் உருவமே இல்லை.

டாக்டர் மலாய்க்கார அம்மா, சின்ன வயசு. கண்ணில் சொட்டு விட்டுப் பாவையைப் பெரிதாக்கி, வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். மலாய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பதால் அவர் சொன்னது எல்லாம் புரிந்தது. பாக்சிக் என்றால் மாமா.

"பாக்சிக், நீங்க பாக்குறது சாம்பல் இல்ல. ரத்தம். கண்ணுக்குள்ள பின்பக்கம் ரத்தக் குழாய் சர்க்கரையில கெட்டுப்போய் உடைஞ்சிருக்கு, அந்த ரத்தம் உள்ள மிதக்குது."

"பொகையாலயா டாக்டர்?"

"புகை வெளியில எரிச்சல் குடுக்கும். உங்களுக்கு அது ஒரு திரை மாதிரி ஆயிடுச்சு. அதுக்குப் பின்னால இது வளர்ந்திருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, "இடது கண்ணிலயும் ஆரம்பம் இருக்கு" என்றார். "அதுல இன்னும் ஒண்ணும் மிதக்கல. இப்ப வந்தது நல்லதாப் போச்சு. அடுத்த வருஷம்னு இருந்திருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

கெட்ட காற்றும் இனிப்பு நீர்க்காரர் கண்ணுக்கு ஆகாது என்று இப்போது யார் யாரோ சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது தெரியாது. கெட்டிப் பால் ஆகாது என்று தெரியும்.

மேலும் உடையாமல் இருக்க, லேசர் என்ற வெளிச்சத்தால் கண்ணுக்குள் சுட்டார்கள். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து உட்கார வேண்டும். பச்சை மின்னல் ஒன்று, இரண்டு, நூறு. சில மின்னல் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், சிலது ஒன்றுமே இல்லை. முதல் தடவை முடிந்து வெளியே வந்தபோது வெயில் தாங்காமல் என் பெண்சாதியின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அப்படி ஐந்தாறு தடவை போனோம். மாத்திரையை அவளே கையில் கொடுத்து, முழுங்கினேனா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். கோப்பி கறுப்பாக, இனிப்பில்லாமல். முதல் வாரம் அது மருந்து மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அதிலும் ஒரு ருசி இருக்கிறது.

சில மாதத்தில் ரத்தம் மெதுவாக வடிந்தது. வலது கண் முழுதாகத் திரும்பவில்லை. விடியற்காலைப் பனிக்குள் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டது. இடது கண் கெடாமல் நின்றது. அப்படியே நின்றது. டாக்டரம்மா, "நிமிர்ந்து பார்த்துப் பெரிய பாரம் இழுக்கிற வேலை வேண்டாம்" என்று கடிதம் கொடுத்தார். அதை மண்டோரிடம் நீட்டினேன். புல் வெட்டப் போடுவார், அல்லது வீட்டுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நிமிர்ந்து பாக்கக்கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதாங்க."

"நேராப் பாக்கலாமுல்ல?"

பழைய மரங்களைச் சாய்த்துப் புதிதாக நட்ட பிளாக் ஒன்று ஆற்றுப் பக்கம் இருந்தது. அப்போதுதான் முதல் காய்ப்பு. அங்கே மரம் என் தோள் உயரம்கூட இல்லை. குலைகள் இடுப்புக்குக் கீழே, சிலது தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். நீளக் கம்பு வேண்டாம், உளி மாதிரி ஒரு கத்தி போதும். இளசுகள் யாரும் அங்கே போக மாட்டார்கள், குனிந்து குனிந்து முதுகு போகும் என்று. மண்டோர் எங்கள் ஜோடியை அங்கே போட்டார்.

முதல் நாள் மண்ணெல்லாம் ஈரம். நான் ஒரு மரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து மட்டையை விலக்கினேன். குலை என் முகத்துக்கு நேரே இருந்தது. நுனியில் கறுப்பு, அடியில் செம்மஞ்சள், ஒவ்வொரு பழத்தின் முள்ளும் தனித்தனியாக. இவ்வளவு வருஷம் வெட்டியும் ஒரு குலையை இவ்வளவு பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. கத்தியை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் சாக்கோடு நின்ற என் பெண்சாதி, "அது பழமா, காயா?" என்று கேட்டாள்.

"கீழ பாரு, உதிரி கெடக்குதே. உனக்குத் தெரியலையா?" என்றேன்.

"எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுதான்னுதான் கேட்டேன்" என்றாள்.